ரயில் கம்பெனி கட்டியது, மாநகராட்சி வாங்கியது: ஹனாசோனோ ரக்பி மைதானம்

ஒசாகாவில் நம்பா பார்க்ஸ் என்று ஒரு பெரிய மால் இருக்கிறது. அங்கே கடைகளுக்கு நடுவே தரையில் ஒரு பேஸ்பால் மைதானத்தின் ஹோம் பிளேட்டை, அதாவது பந்தை அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் பலகையை, பதித்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, பந்து வீசுபவர் நிற்கும் இடத்துக்கும் ஓர் அடையாளம். ஷாப்பிங் பையோடு போகிறவர்கள் அதைக் கவனிக்காமல் மிதித்துவிட்டுப் போகலாம். நான்காய் என்ற ரயில் கம்பெனியின் ஒசாகா ஸ்டேடியம் இருந்த இடம் அது. ஹான்க்யூ ரயில் கம்பெனிக்கு நிஷினோமியாவில் இருந்த ஸ்டேடியமும் இன்று ஒரு மால்தான். கின்டெட்சு கம்பெனியின் ஃபுஜிஇதெரா மைதானத்தை இடித்த இடத்தில் பள்ளிக்கூடமும் அடுக்குமாடி வீடுகளும் வந்துவிட்டன.

ரயில் கம்பெனிகள் கட்டிய இந்த மைதானங்களில் கோஷியென் என்ற பேஸ்பால் மைதானம் தப்பித்தது. 1924இல் அதைக் கட்டிய ஹான்ஷின் ரயில் கம்பெனி இன்றும் கைவிடவில்லை. தப்பித்த இன்னொன்று ஹனாசோனோ ரக்பி மைதானம். ஆனால் அது தப்பித்த விதம் வேறு. கட்டிய கம்பெனி அதைக் கைமாற்றியது. 2015 ஏப்ரலில், ஒசாகாவை ஒட்டிய ஹிகாஷி ஒசாகா நகரத்தின் மாநகராட்சி அதை எடுத்துக்கொண்டது.

ஒரு மாநகராட்சிக்கு ரக்பி மைதானம் எதற்கு? வாங்கிய பிறகு அது யாருடைய மைதானம்? கேட்க எளிய கேள்விகள்தான். பதிலுக்குத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் தனியார் ரயில் கம்பெனி என்றால் தண்டவாளமும் டிக்கெட்டும் மட்டும் இல்லை. காலையில் எல்லாரும் நகரத்துக்கு வேலைக்குப் போவார்கள், மாலையில் திரும்புவார்கள். எதிர்ப்பக்கம் போகும் ரயில் காலியாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் காலி. இந்தக் காலி இருக்கைகளை நிரப்பத்தான் பாதையின் கடைக்கோடியில் பொழுதுபோக்குப் பூங்காவும், நாடகக் கொட்டகையும், வெந்நீர்க் குளியலும், விளையாட்டு மைதானமும் கட்டினார்கள். பாதையோரம் மனை பிரித்து வீடு கட்டி விற்றார்கள். மைதானம் என்பது அவர்களுக்கு டிக்கெட் விற்கும் ஒரு வழி.

ஒசாகாவிலிருந்து இகோமா மலையைக் குடைந்து நாரா வரை 1914இல் பாதை போட்ட கம்பெனிக்கு, சுருக்கமாக டைகி என்று பெயர். இன்றைய கின்டெட்சுவின் முன்னோடி. அந்தச் சுரங்கப்பாதைச் செலவு கம்பெனியை ஆட்டம் காண வைத்துவிட்டது. மலை மேலே இருக்கும் ஹோஸன்ஜி கோயிலில் உண்டியல் காசைக் கடனாக வாங்கித்தான் அவசரத்தைச் சமாளித்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட கம்பெனிக்குப் பயணிகள் எவ்வளவு தேவைப்பட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

1928இல் அந்தப் பாதையில் இளவரசர் சிசிபு பயணம் போனார். பேரரசர் ஹிரோஹிட்டோவின் தம்பி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்தவர், ரக்பிப் பிரியர். ஜன்னலுக்கு வெளியே வயலும் வெற்று நிலமுமாகக் கிடப்பதைப் பார்த்து, இங்கே ஒரு ரக்பி மைதானம் கட்டினால் ரயிலுக்கும் கூட்டம் வருமே என்று அவர் சொன்னாராம். அரச குடும்பத்து வாயிலிருந்து வந்த வியாபார யோசனை. கம்பெனி விடுமா? 1929 நவம்பர் 22ஆம் தேதி மைதானம் திறந்தாயிற்று. ரக்பிக்கென்றே கட்டப்பட்ட ஜப்பானின் முதல் மைதானம் அது. கம்பெனி ஊழியர்களைக் கொண்ட ரக்பி அணியும் அதே ஆண்டில் பிறந்தது. பக்கத்து ஸ்டேஷனுக்கு ரக்பி மைதானம் என்றே பொருள்படும் பெயர் வைத்தார்கள். இன்று அந்த ஸ்டேஷனின் பெயர் ஹிகாஷி ஹனாசோனோ. ஹனாசோனோ என்றால் பூந்தோட்டம். மோதலும் சேறுமாக இருக்கும் ஒரு விளையாட்டின் புனிதத் தலத்துக்கு இப்படியொரு பெயர் அமைந்தது தற்செயல்தான், ஊர்ப் பெயர் அது.

போர்க் காலத்தில் ராணுவம் மைதானத்தை எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டது. 1940களின் கடைசியில்தான் மறுபடியும் அதில் ரக்பி திரும்பியது.

பள்ளி மாணவர்களுக்கான தேசிய ரக்பிப் போட்டி மைதானத்தைவிட மூத்தது. 1918 ஜனவரியில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் டொயொனாகாவில் தொடங்கியது, அதுவும் ஒரு ரயில் கம்பெனியின் மைதானத்தில். அப்புறம் பல மைதானங்களுக்கு இடம் மாறி மாறி அலைந்தது. 1963 ஜனவரியில் நடந்த 42ஆவது போட்டியிலிருந்து ஹனாசோனோவே நிரந்தர வீடு. அதோடு ஊர்ப்பெயர் போட்டியின் பெயராகவே ஆகிவிட்டது. ஒரு பையன் "ஹனாசோனோ போகிறேன்" என்றால் அவன் ஒசாகாவுக்குச் சுற்றுலா போகிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பள்ளி பேஸ்பாலுக்குக் கோஷியென் எப்படியோ, பள்ளி ரக்பிக்கு ஹனாசோனோ அப்படி.

இந்தப் போட்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நாட்டின் 47 மாகாணங்களிலிருந்தும் ஆளுக்கு ஒரு பள்ளி. டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் இரண்டிரண்டு, ஒசாகாவுக்கு மூன்று. ஆக 51 பள்ளிகள். தோற்றால் வெளியே என்ற முறையில் 51 அணிகளில் ஒன்று மிஞ்ச 50 ஆட்டம் வேண்டும். அவ்வளவும் டிசம்பர் 27இல் தொடங்கி ஜனவரி 7க்குள் முடிந்துவிடும். தரவரிசையில் இருக்கும் 13 பள்ளிகள் முதல் சுற்று ஆடத் தேவையில்லை. மற்றப் பள்ளி ஒன்று கோப்பையைத் தூக்க வேண்டுமானால் 12 நாளில் ஆறு ஆட்டம் ஆடி ஜெயிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 30 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. புத்தாண்டு அன்றும் ஆட்டம் உண்டு. ஜப்பானில் குடும்பமே வீட்டில் கூடியிருக்கும் அந்த நாளில், இகோமா மலையிலிருந்து இறங்கும் ஊதக்காற்றில் கால் நடுங்க நின்று அப்பா அம்மாக்கள் கத்திக்கொண்டிருப்பார்கள்.

முதல் சுற்றுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என எண் போட்ட மூன்று மைதானங்களிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். ஒன்றாம் எண்தான் இருக்கைகள் சூழ்ந்த பெரிய மைதானம். சிறிய மாகாணத்துப் பள்ளி ஒன்று மூன்று ஆண்டு உழைத்து வந்து, மூன்றாம் எண் மைதானத்தில் ஒரு மணி நேரம் ஆடித் தோற்று, ஒன்றாம் எண் புல்லில் கால் வைக்காமலே ஊர் திரும்பும். "ஹனாசோனோவில் ஆடினோம்" என்று அவர்களும் ஆயுள் முழுக்கச் சொல்வார்கள். சொல்ல உரிமை உண்டு.

இந்தப் போட்டியில் எனக்கு மிக விசித்திரமாகப் படுவது சமநிலை விதி. கூடுதல் நேரம் கிடையாது. எல்லாக் கணக்கும் சமமாகவே நின்றால் சீட்டு எடுப்பதுதான். இரண்டு கேப்டன்களும் உள்ளே போய் ஆளுக்கொரு உறை எடுப்பார்கள். அடுத்த சுற்றில் ஆடும் உரிமை உண்டு என்று எழுதிய தாள் எவன் கையில் வருகிறதோ அவன் அணி முன்னே போகும்.

2021 ஜனவரி 3ஆம் தேதி காலிறுதி. 100ஆவது போட்டி என்பதால் அந்த முறை 63 பள்ளிகள் வந்திருந்தன. ஆனால் கோவிட் காரணமாகப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஹிகாஷி ஃபுகுவோகா பள்ளிக்கும் டோகாய் பல்கலைக்கழகத்தின் ஒசாகா க்யோசெய் பள்ளிக்கும் ஆட்டம், 21க்கு 21. இரண்டாம் பாதியின் முப்பது நிமிடமும் முடிந்துவிட்டது. ரக்பியில் நேரம் முடிந்தால் மட்டும் ஆட்டம் முடியாது. பந்து கோட்டுக்கு வெளியே போக வேண்டும், அல்லது தவறு நடந்து ஆட்டம் நிற்க வேண்டும். அதுவரை ஓட வேண்டியதுதான். இரண்டு பக்கமும் விடவில்லை. பந்தை விட்டால் எதிரி பிடிப்பான், பிடித்தவனை மடக்கினால் இவன் பறிப்பான். இப்படியே சுமார் 18 நிமிடம்! பாதி ஆட்டத்தின் நீளத்தில் பாதிக்கும் மேல். யாரும் புள்ளி எடுக்கவில்லை. கடைசியில் உறை. ஹிகாஷி ஃபுகுவோகாவுக்கு அந்தத் தாள் வந்தது. அரையிறுதியில் அவர்கள் தோற்றார்கள், அது வேறு விஷயம்.

இறுதிப் போட்டி சமநிலையில் முடிந்தால் சீட்டும் இல்லை, இரண்டு பேருமே சாம்பியன். 2011 ஜனவரியில் அதே ஹிகாஷி ஃபுகுவோகாவும் டோயின் ககுவென்னும் 31க்கு 31 எடுத்துக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள். பதினேழு வயதுப் பையன்களை ஒன்றுவிட்டு ஒரு நாள் மோதவிட்டு, அதற்கு மேலும் ஓடவிடக் கூடாது என்ற கவலை இந்த விதிக்குப் பின்னால் இருப்பது தெரிகிறது. ஆனாலும் அந்த உறையைப் பிரித்த கையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஹிகாஷி ஒசாகாவிலேயே இருந்த ஒரு பள்ளியின் கதையும் இதில் உண்டு. ஜப்பானில் வாழும் கொரிய வம்சாவளிப் பிள்ளைகள் படிக்கும் ஒசாகா கொரிய மேல்நிலைப் பள்ளி. கொரியப் பள்ளிகளுக்குத் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் 1994 வரை கதவு மூடியே இருந்தது. கூப்பிடு தூரத்தில் மைதானம். ஆடத்தான் உரிமை இல்லை. கதவு திறந்த பிறகு 2010இலும் 2011இலும் அடுத்தடுத்து அரையிறுதி வரை வந்தார்கள், 2021இல் மறுபடியும்.

சரி, இவ்வளவு பெருமையுள்ள மைதானத்தைக் கம்பெனி ஏன் விட்டது? கின்டெட்சுவின் விளையாட்டுக் கணக்கு 2004லேயே ஆட்டம் கண்டிருந்தது. அந்த ஆண்டோடு அதன் பேஸ்பால் அணியான பஃபலோஸ், ஓரிக்ஸ் அணியோடு இணைந்து தனி அணியாக இல்லாமல் போனது. கார்களும் டிவியும் வந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் விற்க மைதானம் வைத்திருப்பது என்ற 1920களின் கணக்கு செல்லாது. ரக்பியில் அது இன்னும் மோசம். பேஸ்பால் போல ஆண்டுக்கு எழுபது ஆட்டம் உள்ளூரில் கிடையாது. குளிர்காலத்தில் சில வாரம் நிறையும், மற்ற மாதங்களில் புல் வெட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மாநகராட்சியின் கணக்கு வேறு. ஹிகாஷி ஒசாகா பழைய ஊர் இல்லை. ஃபுசெ, கவாச்சி, ஹிராஒகா என்ற மூன்று நகரங்களை 1967இல் ஒன்றாக்கி உருவாக்கியது. திருகாணி, அச்சு, உலோகப் பாகம் என்று செய்யும் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகளின் ஊர். பட்டறைக்காரர்கள் சேர்ந்து, எங்களாலும் முடியும் என்று முனைந்து உருவாக்கிய மைடோ-1 என்ற சிறிய செயற்கைக்கோள் 2009 ஜனவரியில் விண்ணுக்குப் போனது. அப்படி ரோஷமுள்ள ஊர். ஆனால் வெளியூர்க்காரனுக்கு ஹிகாஷி ஒசாகா என்றால் 'கிழக்கு ஒசாகா', அவ்வளவுதான்; பெரிய நகரத்தின் நிழல். அந்த ஊருக்குச் சொந்தமாக, நாடு முழுக்கத் தெரிந்த ஒரே பெயர் ஹனாசோனோ. அதனால்தான் சாக்கடை மூடியிலும் ஊர்ச் சின்னப் பொம்மையிலும் ரக்பிப் பந்து. அந்தப் பெயரை ரியல் எஸ்டேட்காரரிடம் விட முடியுமா?

உடனடித் தூண்டுதல் உலகக் கோப்பை. 2019 ரக்பி உலகக் கோப்பை ஜப்பானுக்கு என்று முடிவாகியிருந்தது. அதன் 12 மைதானங்களில் ஒன்றாக ஹனாசோனோ 2015 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது; அடுத்த மாதமே மைதானம் நகரத்தின் சொத்து. பழைய கட்டடம் அப்படியே உலகக் கோப்பைக்கு ஆகாது. அந்த வேலைக்குப் பொதுப் பணம் போட வேண்டுமானால் மைதானமும் பொதுச் சொத்தாக இருப்பதுதான் முறை. இருக்கைகளைச் சீர்செய்தார்கள், பெரிய திரை வைத்தார்கள், அதுவரை இல்லாத இரவு விளக்குகளைப் போட்டார்கள். புதுப்பித்த மைதானத்தில் 2018 அக்டோபர் 26இல் ஜப்பான் அணி உலக லெவன் போன்ற ஒரு கூட்டணியோடு, அதாவது ரக்பியில் உலகப் பதினைவரோடு, மோதி 28க்கு 31 என்று தோற்றது.

உலகக் கோப்பையில் ஹனாசோனோவுக்குக் கிடைத்தது நான்கு ஆட்டம். இத்தாலி நமீபியாவை வென்றது, அர்ஜென்டினா டோங்காவை வென்றது, ஃபிஜி ஜார்ஜியாவை 45க்கு 10 என்று நொறுக்கியது, டோங்கா அமெரிக்காவை 31க்கு 19 என்று ஜெயித்தது. ஜப்பான் ஆடிய ஆட்டம் ஒன்றும் இல்லை, நியூசிலாந்து இல்லை, இங்கிலாந்து இல்லை. இன்னொரு வேடிக்கை, நான்குமே மதியம் தொடங்கிய ஆட்டங்கள். புது விளக்குகளுக்குப் பெரிதாக வேலையே வரவில்லை. ஆனாலும் சுமார் 24,000 பேர் கொள்ளும் மைதானத்தில் நல்ல கூட்டம். கடைசி ஆட்டம் நடந்தது அக்டோபர் 13. முந்தின நாள்தான் ஹகிபிஸ் புயல் கிழக்கு ஜப்பானைப் புரட்டிப் போட்டு மூன்று உலகக் கோப்பை ஆட்டங்களை ரத்து செய்ய வைத்திருந்தது. மேற்கில் இருந்த ஹனாசோனோவுக்கு ஆபத்து வரவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானோடு மோதியதையும் சேர்த்தால் டோங்கா அணி அங்கே மூன்று முறை ஆடியிருக்கிறது. 2023 ஜூலையிலும் வந்து ஜப்பானிடம் 16க்கு 21 என்று தோற்றது. டோங்காவுக்கு வெளியே டோங்காவின் மைதானம் எது என்று யாராவது கேட்டால் ஹனாசோனோவைச் சொல்லலாம் போலிருக்கிறது.

நான்கு மதியங்களுக்காக மட்டும் ஒரு மாநகராட்சி மைதானம் வாங்கினால் அது வீண் செலவு. உலகக் கோப்பை ஒரு சாக்கு, அவ்வளவே. குளிர்காலப் பள்ளிப் போட்டியைத் தன் ஊரிலேயே வைத்துக்கொள்வதுதான் உண்மையான லாபம் என்று நினைக்கிறேன். அது ஆண்டுதோறும் வரும். 51 ஊர்களின் பெற்றோர், பழைய மாணவர், ஆசிரியர் எல்லாரையும் இழுத்துக்கொண்டு வரும்.

ஆனால் பள்ளிப் போட்டி 12 நாள்தான். மீதி நாளுக்கு என்ன செய்வது? இங்கேதான் நகரத்தின் தலைவலி தொடங்குகிறது.

கின்டெட்சு மைதானத்தை விட்டாலும் அணியை விடவில்லை. 2022 ஜனவரியில் தொடங்கிய லீக் ஒன் என்ற புதிய ரக்பி லீக்கில் அது ஹனாசோனோ கின்டெட்சு லைனர்ஸ். முன்பு இருந்த டாப் லீக்கில் ஆட்டம் எங்கே, டிக்கெட் யார் விற்பது என்பதெல்லாம் பெரும்பாலும் ரக்பி சங்கத்தின் பொறுப்பு. அணிகள் வந்து ஆடிவிட்டுப் போகும். புதிய லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊர் வேண்டும், உள்ளூர் ஆட்டத்தை அந்த அணியே நடத்த வேண்டும். அதனால்தான் கம்பெனிப் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரும் வந்து உட்கார்ந்தது. ஆஸ்திரேலியாவின் குவேட் கூப்பர், வில் கெனியா என்று பெரிய பெயர்களெல்லாம் இந்தச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். அப்படியும் 2024இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. இரண்டாம் பிரிவில் எதிரணிகளும் சின்னவை, கூட்டமும் அப்படித்தான்.

ஆக, காலி நாட்களை நிரப்ப வேறு ஆள் தேவை. ஜப்பானில் 2003இல் உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தி ஒரு வழி செய்தார்கள். பூங்கா, நூலகம், மைதானம் போன்ற பொதுச் சொத்துகளை நடத்தும் பொறுப்பை வெளியாருக்கு, கம்பெனிக்கும்கூட, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்படைக்கலாம். சொத்து நகரத்துடையதுதான், சாவி வேறொருவர் இடுப்பில். ஹனாசோனோவிலும் 2020இல் அப்படி ஒரு கூட்டமைப்பு வந்தது. அதில் எஃப்சி ஒசாகா என்ற கால்பந்து கிளப்பும் பங்காளி. 2023இல் அந்தக் கிளப், ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே-லீக்கின் மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. உள்ளூர் ஆட்டங்களை ரக்பியின் இந்தப் புனிதத் தலத்தில் ஆடுகிறது.

ரக்பிக்காரர்களில் சிலருக்கு இது உறுத்தும், இயல்புதான். ஆனால் நகரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் நியாயம் புரியும். வரிப்பணத்தில் நிற்கும் மைதானத்தை ஆண்டில் பாதி நாள் பூட்டி வைத்துக்கொண்டு 'இது புனிதம்' என்று சொல்ல முடியாது. 2025 வரை கால்பந்துப் பருவம் ஆண்டின் தொடக்கத்தில் தொடங்கி ஆண்டுக் கடைசியில் முடிந்தது. ரக்பிக்குப் பெரிய மாதங்கள் குளிர்காலமும் வசந்தமும். கோடையில் கால்பந்து, குளிரில் ரக்பி என்று ஓரளவு ஒதுங்கிப் போகலாம் என்று தோன்றியது.

அந்த ஏற்பாட்டிலும் ஒரு சிக்கல். 2026-27இலிருந்து ஜே-லீக் ஐரோப்பா போல ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதக் கடைசி, ஜூன் வாக்கில் முடியும் பருவத்துக்கு மாறுகிறது. நடுவில் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை குளிர்கால விடுப்பு. பள்ளிப் போட்டி அந்த விடுப்புக்குள் விழுவதால் அதற்கு நல்லதுதான். ஆனால் லீக் ஒன் ரக்பி மும்முரமாக இருக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்கள் இரண்டு விளையாட்டுக்கும் பொதுவாகிவிடும். அதே நேரம் ஜூன், ஜூலையில் இரண்டுமே இல்லாமல் மைதானம் காய்ந்து கிடக்கும்.

கடைசியில் எல்லாச் சண்டையும் புல்லில் போய் நிற்கும். மேற்கு ஜப்பானின் மைதானங்களில் கோடையில் செழிக்கும் புல் குளிரில் பழுப்பாகிவிடும். அதன் மேல் இலையுதிர்காலத்தில் குளிர் தாங்கும் புல் விதையைத் தூவி வளர்ப்பார்கள். டிவியில் ஜனவரியில் பச்சையாகத் தெரிவது இந்த இரண்டாவது புல்தான். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் பூட்ஸ் ஆணி மண்ணோடு புல்லைப் பெயர்க்கும். கால்பந்துக்காரனுக்கோ பந்து குதிக்காமல் உருள வேண்டும். இவன் பெயர்த்ததை அடுத்த வாரத்துக்குள் ஒட்டித் தட்டி, இந்தக் கோட்டை அழித்து அந்தக் கோட்டைப் போட்டு, எச் வடிவக் கம்பத்தைக் கழற்றி வலைக் கம்பத்தை நிறுத்துவது புல் பராமரிப்பவர்களின் வேலை. நகரசபையில் நடக்கும் வாதம் முடிந்த பிறகும் இவர்களுடைய வேலை முடியாது.

பள்ளிப் போட்டியும் அப்படியே நிற்கவில்லை. பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் நாட்டில், பதினைந்து பேரைச் சேர்க்க முடியாத பள்ளிகள் பெருகிவிட்டன. சில மாகாணங்களில் தகுதிச் சுற்றுக்கே விரல்விட்டு எண்ணும் அணிகள்தான். இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு அணி அமைத்தால் தகுதிச் சுற்றைத் தாண்டித் தேசியப் போட்டிக்கு வர நெடுங்காலம் வழி இல்லை. அதனால் அப்படிப்பட்ட பள்ளிகளின் பையன்களைப் பொறுக்கியெடுத்து, கிழக்கு ஒரு அணி, மேற்கு ஒரு அணி என்று பிரித்து ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். 'இன்னொரு ஹனாசோனோ' என்று அதற்குப் பெயர். தன் பள்ளியில் ரக்பி ஆட ஐந்தாறு பேர் மட்டுமே இருக்கும் ஒரு பையன், முன்பின் தெரியாத பதினாலு பேரோடு ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் மட்டும் தன் பள்ளியின் நினைவோடு, அந்த ஒன்றாம் எண் மைதானத்தில் இறங்குகிறான்.